ஸ்பிட்ஃபயரின் பின்சக்கரங்கள்

டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் 1962 அக்டோபரில் லண்டன் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. கடைசி வண்டி 1980 ஆகஸ்டில் காவென்ட்ரி நகரின் கேன்லி ஆலையிலிருந்து வெளியேறியது. இடைப்பட்ட 18 ஆண்டுகளில் சுமார் 3,14,000 வண்டிகள் விற்றன. அதே சட்டகத்தின் மேல் ஆறு சிலிண்டர் எஞ்சினும் மூடிய கூரையுமாக 1966இல் வந்த ஜிடி6 ஏறக்குறைய 41,000 விற்றது. இந்த இரண்டு வண்டிகளின் வரலாற்றில் அதிகம் பேசப்பட்டதும், அதிகம் திருத்தப்பட்டதும் பின்சக்கரங்களின் சஸ்பென்ஷன்தான். ஏழே ஆண்டுகள் தயாரிக்கப்பட்ட ஜிடி6க்கு நிறுவனமே மூன்று வகைப் பின் சஸ்பென்ஷன்களை மாற்றி மாற்றிப் பொருத்தியது. பந்தயக்காரர்களும் வண்டியின் சொந்தக்காரர்களும் தம் பங்குக்குச் செய்தவை தனி.

பின் சஸ்பென்ஷன் அப்படி அமைந்ததற்கான காரணம் 1953இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற உடற்கூடு தயாரிப்பு நிறுவனத்தைப் போட்டியாளரான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் வாங்கிக்கொண்டது. ஸ்டாண்டர்டு-டிரையம்ஃப் நிறுவனத்தின் கார்களுக்கு உடற்கூடு வந்துகொண்டிருந்த இடம் அது. அடுத்த சிறிய காருக்கு முழு உடலையும் ஒரே கூடாக அழுத்தித் தரும் ஆலை கிடைக்காத நிலையில், தலைமைப் பொறியாளர் ஹாரி வெப்ஸ்டர் பழைய முறைக்கே திரும்பினார்: அடியில் தனியாக ஒரு இரும்புச் சட்டகம், அதன் மேல் போல்ட் போட்டு முடுக்கிய உடற்பகுதிகள். பகுதிகளைச் சிறு ஆலைகளில் செய்வித்துச் சேர்த்துக்கொள்ளலாம். இத்தாலியரான ஜொவானி மிக்கலோட்டி உருவம் வரைந்தார். 1959 ஏப்ரலில் வெளிவந்த அந்தக் காரின் பெயர் ஹெரால்டு.

சட்டகம் தனியாக இருந்ததால் நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி அசைவு தருவது எளிதாயிற்று. அக்காலத்து பிரிட்டிஷ் குடும்பக் கார்களில் அது அரிது. பின்புறத்தில் மிகக் குறைந்த செலவில் அதைச் செய்ய ஒரு வழி இருந்தது. டிஃபரென்ஷியல் பெட்டியைச் சட்டகத்தோடு நிலையாகப் பிணைத்து, அதன் இருபுறமும் ஒவ்வோர் அரை ஆக்சிலை யுனிவர்சல் ஜாயிண்ட் வழியே தொங்கவிட்டார்கள். பெட்டியின் தலையில் குறுக்காக ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். அதன் நடுப்பகுதி பெட்டியோடு இறுக்கப்பட்டிருந்தது; இரு முனைகளும் சக்கரங்களைத் தாங்கிய செங்குத்துத் துண்டுகளைப் பிடித்திருந்தன. முன்பின் அசைவைத் தடுக்கப் பக்கத்துக்கு ஒரு நீளத் தண்டு, அதிர்வை அடக்க ஒரு ஷாக் அப்சார்பர். இவ்வளவுதான் மொத்த ஏற்பாடும். ஒரே ஸ்பிரிங் இரண்டு சக்கரங்களுக்கும் வேலை செய்தது. அரை ஆக்சிலே சக்கரத்தின் நிலையைத் தீர்மானிக்கும் கையாகவும் இருந்தது. இதற்குத்தான் ஸ்விங் ஆக்சில் என்று பெயர்.

ஸ்பிட்ஃபயர், ஹெரால்டின் சட்டகத்தைச் சுருக்கிச் செய்த வண்டி. நிறுவனம் பணமுடையில் இருந்தபோது அதன் மாதிரி வண்டி துணி போர்த்தி ஆலை மூலையில் கிடந்தது. 1961இல் நிறுவனத்தை வாங்கிய லேலண்ட் அதிகாரிகள் அதைப் பார்த்துத் தயாரிப்புக்கு அனுமதி கொடுத்தார்கள். 1147 சிசி எஞ்சின், 63 குதிரைத்திறன், தரையோடு ஒட்டிய உடல், சட்டென்று திரும்பும் முன்சக்கரங்கள். ஆனால் பின்னால் இருந்தது ஹெரால்டின் அதே ஸ்விங் ஆக்சில். 948 சிசி குடும்பக் காரில் ஓட்டுநருக்குத் தெரியாமலே கிடந்த குறை, வேகமாகத் திருப்ப ஆசை காட்டும் இந்த வண்டியில் வெளிப்பட்டது.

அந்தக் குறையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும்; பின்னால் வந்த எல்லாத் திருத்தங்களும் அதற்குள்தான் இருக்கின்றன. அரை ஆக்சிலுக்கு மூட்டு ஒன்றே ஒன்று, அதுவும் டிஃபரென்ஷியல் பக்கத்தில். வெளிமுனையில் சக்கரம் அதோடு அசையாமல் பிணைந்திருக்கிறது. ஆகவே சக்கரம் மேலும் கீழும் போகும்போது நேர்கோட்டில் போவதில்லை. மூட்டை மையமாகக் கொண்ட வட்டத்தில் போகிறது. வண்டியின் பின்பகுதி தாழ்ந்தால் சக்கரங்களின் மேல்விளிம்பு உள்ளே சாய்கிறது. பின்பகுதி எழும்பினால் மேல்விளிம்பு வெளியே விரிந்து, அடிப்பகுதி வண்டிக்குள் ஒடுங்குகிறது. முதலாவது நெகட்டிவ் கேம்பர், இரண்டாவது பாசிட்டிவ் கேம்பர். வளைவில் டயர் நன்றாகப் பிடிக்க வேண்டுமானால் வெளிப்பக்கச் சக்கரம் செங்குத்தாகவோ சற்றே உள்சாய்ந்தோ இருக்க வேண்டும். பாசிட்டிவ் கேம்பரில் டயர் விளிம்பில் நிற்கிறது, பிடிப்பு போய்விடுகிறது.

வண்டி வளைவில் திரும்பும்போது தரை வெளிப்பக்க டயரை வளைவின் உட்புறம் நோக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் விழுவது தரைமட்டத்தில். ஆக்சிலின் மூட்டு இருப்பதோ அதற்கு வெகு மேலே. கழியைத் தரையில் ஊன்றி எம்பித் தாண்டுபவரைப் போல, வண்டி தன் வெளிப்பக்க அரை ஆக்சிலின் மேல் எம்புகிறது. உட்பக்கச் சக்கரத்தில் இதே விசை எதிர்மாறாக வேலை செய்து உடலைக் கீழே இழுக்கும். இரண்டும் சமமாக இருந்தால் தொல்லை இல்லை. ஆனால் திருப்பத்தில் எடை முழுவதும் வெளிப்பக்கம் சாய்வதால் அந்தச் சக்கரமே அதிக விசையை வாங்குகிறது. எம்பல் வெல்கிறது, பின்பகுதி உயர்கிறது, சக்கரம் அடியில் ஒடுங்குகிறது. இந்த நேரத்தில் ஓட்டுநர் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எடை முன்னால் ஓடி, பின்பகுதி இன்னும் உயரும். வண்டியின் வால் சட்டென்று வெளியே வீசும். காலை எடுப்பது எந்த ஓட்டுநரும் இயல்பாகச் செய்வது. ஸ்விங் ஆக்சில் அந்த இயல்பையே ஆபத்தாக்கியது என்பதுதான் அதன் மீதான சரியான குற்றச்சாட்டு.

இந்தச் சிக்கல் டிரையம்ஃபுக்கு மட்டும் உரியதல்ல. ஸ்விங் ஆக்சிலுக்கு 1903இலேயே காப்புரிமை பெற்றவர் ஆஸ்திரியரான எட்மண்ட் ரம்ப்ளர். பின்னர் டாட்ரா, ஃபோக்ஸ்வாகன் பீட்டில், போர்ஷே 356 எல்லாம் அதே வழியில் வந்தன. மெர்சிடிஸ்-பென்ஸ் மூட்டைத் தாழ்வாக இறக்கி எம்பலைக் குறைத்தது. 1957இல் வந்த 300 எஸ்எல் ரோட்ஸ்டரில் அந்த ஏற்பாடு இருந்தது. போர்ஷே 1960இல் சூப்பர் 90 மாடலின் பின்னடியில் குறுக்காக ஒரு துணைப் பட்டையைச் சேர்த்தது. அமெரிக்காவில் செவர்லே கார்வேர் 1964ஆம் ஆண்டு மாடலில் இதே போன்ற குறுக்குப் பட்டையைப் பெற்று, மறு ஆண்டே ஸ்விங் ஆக்சிலைக் கைவிட்டது. 1965 நவம்பரில் வெளியான ரால்ஃப் நாடரின் ‘அன்சேஃப் அட் எனி ஸ்பீடு’ நூல் முதல் அத்தியாயத்தையே கார்வேருக்கு ஒதுக்கியது. கார்வேரின் கையாளுமை அதே காலத்துக் கார்களைவிட மோசமில்லை என்று 1972இல் அமெரிக்க அரசின் ஆய்வு முடிவு கூறியது. அதற்குள் ஸ்விங் ஆக்சில் என்ற சொல்லே வாங்குவோரைத் தயங்க வைக்கும் சொல்லாகியிருந்தது. ஸ்பிட்ஃபயரின் பெரிய சந்தையும் அமெரிக்காதான்.

முதல் திருத்தங்கள் பந்தயத் திடலில் பிறந்தன. அமெரிக்காவில் டிரையம்ஃபின் பந்தயப் பிரிவை நடத்திய காஸ் காஸ்ட்னர், ஸ்பிட்ஃபயரைப் பந்தயத்துக்குத் தயார் செய்யும் முறைகளைக் கையேடாகவே எழுதினார். அடிப்படை யோசனை எளியது: பின்பகுதியைத் தாழ்த்திவிட்டால் சக்கரங்கள் தொடக்கத்திலேயே உள்சாய்ந்து நிற்கும், அங்கிருந்து எம்பினாலும் செங்குத்து நிலையைத் தாண்டுவதற்குள் வளைவு முடிந்துவிடும். இதற்காக டிஃபரென்ஷியல் பெட்டிக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்தார்கள், அல்லது பட்டைகளின் வளைவைத் தட்டிக் குறைத்தார்கள். இரண்டாவது வழி கேம்பர் காம்பென்சேட்டர். டிஃபரென்ஷியலுக்கு அடியில் குறுக்காக ஓர் ஒற்றைப் பட்டை. நடுவில் அது மூட்டின் மேல் சுழலும், முனைகள் இரண்டும் சக்கரத் துண்டுகளை அடியிலிருந்து மேல்நோக்கி அழுத்தும். வண்டி ஒருபக்கம் சாய்ந்தால் அது தடுக்காது. இரண்டு சக்கரங்களும் ஒன்றாகக் கீழே ஒடுங்க முயன்றால் எதிர்த்து நிற்கும். ஃபோக்ஸ்வாகன் வண்டிகளுக்கு இத்தகைய பட்டையைச் செய்து விற்ற கலிஃபோர்னியாவின் எம்பி நிறுவனம் அதைப் பெரும் வணிகமாகவே ஆக்கியிருந்தது. டிரையம்ஃபின் சொந்தப் பந்தய ஸ்பிட்ஃபயர்கள் 1965 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் 13ஆம், 14ஆம் இடங்களைப் பிடித்தன. ஆகவே பந்தயக்காரர்களின் கையில் அந்தச் சஸ்பென்ஷன் அடங்கத்தான் செய்தது.

பந்தய வழி தெருவுக்கு அப்படியே பொருந்தவில்லை. தாழ்த்திய வண்டி மேடுகளில் அடி இடித்தது. இருவர் ஏறி உட்கார்ந்து பெட்டியும் வைத்தால் சக்கரங்கள் அளவுக்கு மீறிச் சாய்ந்து டயரின் உள்விளிம்பைத் தின்றன. பலர் செய்த தவறு வேறு: பின் ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் மிகக் கடினமாக்குவது. கடினமாக்கினால் பிடிப்பு கூடும் என்ற நம்பிக்கை மற்ற வண்டிகளில் ஓரளவு பலிக்கலாம். ஸ்விங் ஆக்சிலில் பின்பக்கம் கடினமாக ஆக, திருப்பத்தின் எடை வெளிப்பக்கப் பின்சக்கரத்தின் மேல் இன்னும் குவிகிறது, எம்பல் இன்னும் வலுக்கிறது. வலுவான புதுப் பட்டைகள் போட்ட வண்டி பழையதைவிட முன்னதாகவே வாலை வீசுவதற்குக் காரணம் இதுதான்.

1966இல் ஜிடி6 வந்தபோது சிக்கல் முற்றியது. மிக்கலோட்டியின் மூடிய கூரை ஸ்பிட்ஃபயரின் எடையைக் கூட்டியதால் நான்கு சிலிண்டர் எஞ்சின் இழுக்கத் திணறியது. அதற்காக 1998 சிசி ஆறு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தினார்கள், 95 குதிரைத்திறன். மூக்கில் எடை ஏறியது, வேகம் ஏறியது, பின்னால் அதே ஸ்விங் ஆக்சில். எஞ்சினைப் புகழ்ந்த பத்திரிகைகள், குறிப்பாக அமெரிக்கப் பத்திரிகைகள், பின் சஸ்பென்ஷனைக் கடிந்து எழுதின. நிறுவனம் 1968இல் பதில் சொன்னது. ஜிடி6 இரண்டாம் மாடலிலும், ஹெரால்டு குடும்பத்தின் ஆறு சிலிண்டர் வண்டியான விட்டெஸ் இரண்டாம் மாடலிலும் சக்கரத்தை மேலே பட்டை ஸ்பிரிங்கும் கீழே தனியாக ஒரு முக்கோணக் கையும் பிடித்தன. சக்கரத்தை நிறுத்தும் வேலையிலிருந்து அரை ஆக்சில் விடுபட்டது. இனி அது சுழற்சியை மட்டும் கடத்தினால் போதும். சக்கரம் ஏறி இறங்கினாலும் பெரும்பாலும் செங்குத்தாகவே நின்றது.

இந்த அமைப்பில் அரை ஆக்சிலின் நீளம் சற்றே மாறிக்கொண்டிருக்க வேண்டும். அதற்காக நடுவில் ரோட்டோஃப்ளெக்ஸ் என்ற ரப்பர் இணைப்பைச் சேர்த்தார்கள். ஆறு இரும்புத் துளைகள் பதித்த தடித்த ரப்பர் வளையம் அது. மூன்று போல்ட்டுகள் உள் தண்டையும், இடைவிட்ட மூன்று வெளித் தண்டையும் பிடிக்கும். நீளமும் கோணமும் மாறுவதை ரப்பரே தாங்கிக்கொள்ளும். லோட்டஸ் எலான் 1962 முதலே இதைப் பயன்படுத்தி வந்தது. புது வளையம் சுற்றிலும் ஒரு இரும்புப் பட்டி போட்டு நெருக்கப்பட்டே வரும். நெருக்கிய நிலையில்தான் ரப்பர் நீண்ட நாள் உழைக்கும். துளைகளும் போல்ட்டுகளும் நேராவதும் அப்போதுதான். ஆறு போல்ட்டுகளையும் முடுக்கிய பிறகே பட்டியை வெட்டி எடுக்க வேண்டும். பட்டியை முதலில் கழற்றிவிட்டவருக்குத் துளைகள் விலகிப்போய், சங்கிலியோ பெரிய கிளாம்போ போட்டு வளையத்தை மறுபடி நெரிக்கும் பாடு வந்து சேரும். எண்ணெய் பட்டாலும் வயதானாலும் ரப்பர் இரும்பிலிருந்து பிரிந்து வெடிக்கத் தொடங்கும்.

ரோட்டோஃப்ளெக்ஸ் பொறியியலில் நல்ல விடை. கணக்குப் பார்ப்பவருக்கு விலை கூடிய விடை. ஸ்பிட்ஃபயருக்கு அது கிடைக்கவே இல்லை. 1970 இறுதியில் வந்த ஸ்பிட்ஃபயர் நான்காம் மாடலில் டிரையம்ஃப் பொறியாளர்கள் கைவைத்தது ஸ்பிரிங்கின் நடுப்பகுதியில் மட்டும். அதுவரை எல்லாப் பட்டைகளும் டிஃபரென்ஷியல் மேல் சேர்த்து இறுக்கப்பட்டிருந்தன. வண்டி ஒருபக்கம் சாயும்போது அந்தக் கட்டு முழுவதும் முறுக்கிக்கொண்டு சாய்வை எதிர்க்கும். அந்த எதிர்ப்புதான் எடையை வெளிச்சக்கரத்தின் மேல் கொண்டுபோய்க் குவித்தது. புதிய ஏற்பாட்டில் ஒரே ஒரு பட்டையை மட்டும் இறுக்கிவிட்டு, மற்றவற்றை ஒரு பெட்டிக்குள் தராசுக்கோல் அசைவது போல் இருபுறமும் ஆடும்படி விட்டார்கள். மேட்டில் இரண்டு சக்கரங்களும் சேர்ந்து ஏறும்போது எல்லாப் பட்டைகளும் எடையைத் தாங்கும். வண்டி சாயும்போது ஒற்றைப் பட்டை மட்டுமே எதிர்க்கும். சாய்வைத் தடுக்கும் பொறுப்பை முன்னால் இன்னும் தடித்த ஆன்டி-ரோல் பார் ஏற்றுக்கொண்டது. எம்பலின் வேர் இதனால் பெரும்பாலும் அறுந்தது. ஸ்விங் ஸ்பிரிங் என்று பெயர் பெற்ற இந்தத் திருத்தத்துக்குப் புதிதாகத் தேவைப்பட்ட பாகங்கள் மிகக் குறைவு. அதைக் கண்டவர்கள் சிக்கலைச் சரியான இடத்தில் பிடித்திருந்தார்கள். 1973இல் அரை ஆக்சில்களும் பக்கத்துக்கு ஓர் அங்குலம் நீண்டு, பின்சக்கரங்களின் இடைவெளி இரண்டு அங்குலம் அகன்றது. அதே ஆண்டு மாடலில் ஜிடி6 மூன்றாம் மாடலும் ரோட்டோஃப்ளெக்ஸைக் கைவிட்டு ஸ்விங் ஸ்பிரிங்குக்கு மாறியது; செலவுதான் காரணம். அந்த ஆண்டோடு ஜிடி6 தயாரிப்பும் நின்றது.

இதே ஸ்விங் ஆக்சிலுக்குச் சென்னையிலும் ஒரு வரலாறு உண்டு. சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1961 முதல் ஹெரால்டை ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்ற பெயரில், 948 சிசி எஞ்சினோடு தயாரித்தது. நான்கு கதவுள்ள ஹெரால்டு இங்கே மட்டும்தான் உருவானது. நம் சாலைகளில் அதன் சிக்கல் வேகமான திருப்பம் அல்ல. பின் சஸ்பென்ஷனைப் பழுது பார்ப்பதுதான். ஒரே தண்டாக இருக்கும் ஆக்சிலுக்குப் பழகிய மெக்கானிக்குகளுக்கு ஸ்விங் ஆக்சில் பிடிக்கவில்லை. 1972இல் ஹெரால்டுக்குப் பதிலாக வந்த ஸ்டாண்டர்டு கேஸலில் நிறுவனம் ஸ்விங் ஆக்சிலை எடுத்துவிட்டு, ஒரே தண்டான ஆக்சிலைப் பொருத்தியது. காவென்ட்ரி ஸ்பிரிங்கை ஆடவிட்டுத் தீர்த்ததை, இரண்டே ஆண்டு இடைவெளியில் சென்னை தனி அசைவையே விட்டுக்கொடுத்துத் தீர்த்தது. பிரிட்டிஷ் பாகங்கள் கைக்கு எட்டாத ஊரில், எந்தப் பட்டறையிலும் கழற்றி மாட்ட முடிந்த ஆக்சில் வேண்டும் என்றது நியாயமான முடிவு.

ஸ்பிட்ஃபயர் பழைய வண்டியாகி, சேகரிப்போர் கைக்கு வந்த பிறகு, நிறுவனத்தின் திருத்தங்களே சொந்தக்காரர்களின் மேம்பாட்டுப் பட்டியலாயின. அவற்றில் மிகப் பரவியது 1962–70 காலத்து வண்டிகளுக்கும் ஹெரால்டுகளுக்கும் பிந்தைய ஸ்விங் ஸ்பிரிங்கைப் பொருத்துவது. ஸ்பிரிங் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். ஆனால் தடித்த முன் ஆன்டி-ரோல் பாரையும் கூடவே போட வேண்டும். இல்லாவிட்டால் வண்டி திருப்பத்தில் படகாகச் சாயும். நீண்ட அரை ஆக்சில்களையும் சேர்த்தால் பயன் கூடும். ஜிடி6, விட்டெஸ் வைத்திருப்போர் வேறு பாதையில் போனார்கள்: தரம் குறைந்த மாற்று ரப்பர் வளையங்கள் விரைவில் வெடித்ததால், ரோட்டோஃப்ளெக்ஸை எடுத்துவிட்டுக் கான்ஸ்டன்ட் வெலாசிட்டி ஜாயிண்டுள்ள ஆக்சில்களைப் பொருத்தினார்கள். முக்கோணக் கைகள் அப்படியே இருக்கும். ரப்பர் மட்டும் போகும். விட்டெஸ் இரண்டாம் மாடலில் இருந்த நெம்புகோல் வகை ஷாக் அப்சார்பர்களுக்குப் பதிலாகக் குழல் வகையைப் பொருத்த இரும்புத் தாங்கிகளும் விற்பனைக்கு வந்தன. ரப்பர் புஷ்களின் இடத்தைப் பல வண்டிகளில் பாலியூரித்தேன் பிடித்தது. அது நீண்ட நாள் உழைக்கும், திருப்பத்தில் சக்கரம் வழுவாமல் பிடிக்கும். சாலையின் சத்தத்தையும் கொஞ்சம் உள்ளே கடத்தும்.

இந்த வேலைகளில் கடினமானது அரை ஆக்சிலின் வெளிமுனை. சக்கரம் மாட்டும் ஹப், ஆக்சிலின் கூம்பு முனையில் சாவியோடு அறைந்து இறுக்கப்பட்டிருக்கும். பல ஆண்டு துருவும் சேர்ந்தால் சாதாரணப் புல்லருக்கு அது அசையாது. கனமான புல்லரை முழு வலுவில் முடுக்கி, பக்கத்தில் சூடு காட்டி, ஒரு தட்டுத் தட்டினால் வெடிச்சத்தத்தோடு விலகும். இவ்வளவு பாடும் பேரிங் மாற்றுவதற்காக. தேய்ந்த பேரிங்கில் ஓடிய ஆக்சில் அந்த இடத்தில் பள்ளம் விழுந்து, ஒருநாள் முறிந்தால் சக்கரம் ஹப்போடு கழன்று ஓடிவிடும். ஸ்பிரிங்குக்குச் செலவழிக்கும் முன் இதைப் பார்ப்பதே முறை. ஸ்பிரிங்கின் நடுக்கட்டை எட்ட ஸ்பிட்ஃபயரில் இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு சிறு மூடி இருக்கிறது. அதைத் திறந்து திருகாணிகளைக் கழற்றும் முன் சக்கரங்களின் பாரத்தை ஜாக்கியால் தாங்கி, ஸ்பிரிங்கின் இழுவையைத் தளர்த்திக்கொள்ள வேண்டும்.

புது ஸ்பிரிங் பொருத்திய வண்டி முதலில் வால் தூக்கி நிற்கும். பின்சக்கரங்கள் பாசிட்டிவ் கேம்பரில் விரிந்திருக்கும். சில நூறு மைல்கள் ஓடிப் பட்டைகள் படிந்த பின்பே உயரம் சரியாகும். அதுவரை வேகமான திருப்பங்களைத் தவிர்ப்பது நல்லது. படிந்த பிறகு, இரு இருக்கைகளிலும் ஆள் அமரும் எடையை ஏற்றி, வண்டியை முன்னும் பின்னும் உருட்டி நிறுத்தி, பின்சக்கரங்கள் ஒன்றுக்கொன்று நேராக இருக்கின்றனவா என்று அளக்க வேண்டும். விலகியிருந்தால், நீளத் தண்டுகள் உடலோடு சேரும் இடத்தில் மெல்லிய தகடுகளைச் சேர்த்தோ எடுத்தோ சரிசெய்யலாம்.